கூப்பிட்டால் திரும்பாதவள்

இரண்டு தலைகள் மோதிக்கொள்ளும் சத்தம் பெரிதாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. ஈர மண்ணில் அரிசி மூட்டையைப் போட்டதுபோல மந்தமாக ஒரு ‘தொப்’. அவ்வளவுதான்.

லண்டனில் மோர்டன் பக்கத்து விளையாட்டுத் திடல். சனிக்கிழமை காலை. மழை விட்டிருந்தது, ஆனால் புல்லின் ஈரம் சப்பாத்துக்குள் ஏறிக் காலுறையை நனைத்துக்கொண்டிருந்தது. பந்து உயரமாக எழும்பி, இடது பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில் எங்கே விழுவதென்று யோசிப்பதுபோல மிதந்தது.

இடப்பக்கத்திலிருந்து மயூரி ஓடினாள். நடுவிலிருந்து மரிசோல் ஓடினாள். இருவர் கண்ணும் வானத்தில். “மைன்! மைன்!” என்று மரிசோல் கத்தினாள். எங்கள் விளையாட்டில் அதுதான் சட்டம். பந்து தனக்கென்று யார் முதலில் கத்துகிறாளோ, அவளுக்கு மற்றவள் விலகிக் கொடுக்க வேண்டும். அந்தக் குரலுக்கு மரத்திலிருந்த பச்சைக் கிளிகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. நானும் கோட்டுக்கு வெளியே நின்று முழுத் தொண்டையால் கத்தினேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

“மயூரி, விடு பிள்ளை! விடு!”

திடலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. நாயோடு நடந்துகொண்டிருந்த கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கேட்க வேண்டிய ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை. மயூரிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மரிசோல் புருவத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கிடையில் இரத்தம் வழிந்தது. மயூரி மல்லாந்து கிடந்தாள். உதடு கிழிந்து, முன்பல் ஒன்றில் பாதி இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, புல்லில் உருண்டுபோன பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர்தான் மென்பந்து

ஆய்வுகூடத்தில் குடுவை கழுவுகிறவள் எப்படி ஒரு விளையாட்டு அணிக்குப் பயிற்சியாளர் ஆனாள் என்று இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அது சரியாக விளங்கியதில்லை.

தெற்கு லண்டனில் பெரியவர்கள் வந்து படிக்கும் ஒரு சமூகக் கல்லூரி அது. பகலில் தச்சு, தலைமுடி அலங்காரம், கணக்கியல். மாலையில் ஆங்கில வகுப்பு. நான் அங்கே விஞ்ஞானப் பகுதியில் உதவியாளர். கல்லூரிக்குப் பெண்களின் சொஃப்ட்போல் அணி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். விளையாட்டுப் பகுதிப் பொறுப்பாளர் டெரெக் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் என் மேசைக்கு வந்தார்.

“நீங்கள் இலங்கைதானே? கிரிக்கெட் தெரிந்திருக்கும். இதுவும் கிட்டத்தட்ட அதுதான்.”

“கிரிக்கெட் எனக்குத் தெரியாது. எல்லே தெரியும்” என்றேன்.

எல்லே என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. சொஃப்ட்போல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் தலையாட்டினோம். அடுத்த சனிக்கிழமை நான் பயிற்சியாளர்.

பெயரை நம்பி முதல் பந்தை வெறுங்கையால் பிடித்தேன். மென்பந்தாம். கல். உள்ளங்கை ஒரு வாரம் நீலமாக இருந்தது.

மன்னாரில் ஒரு தொண்டை

எல்லேயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் ஊர்க்காரர் கோபிப்பார்கள். மூங்கில் தடி, ரெனிஸ் பந்து. அடித்துவிட்டு வட்டமாக ஓட வேண்டும். ஓடுகிறவளின் முதுகில் பந்தால் எறிந்தால் அவள் அவுட். மன்னாரில் எங்கள் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் நான் நல்லாக ஓடவும் மாட்டேன், எறியவும் மாட்டேன். ஆனாலும் என்னை அணியில் வைத்திருந்தார்கள். என் தொண்டைக்காக.

யார் எங்கே ஓடுகிறாள், யாருக்கு எறிய வேண்டும், யார் குனிய வேண்டும் என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். மடத்துச் சிஸ்டர் ஒருவர் நடுவராக நிற்பார். “இவள் வாய் திறந்தால் கடற்கரையில வள்ளம் திரும்பும்” என்பார். அந்தத் தொண்டைதான் பின்னாளில் மோர்டன் கத்தோலிக்கக் கோயிலில் பாடற்குழுவுக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. திடலுக்கும் அதைத்தான் கொண்டுபோனேன். விதிகளை எனக்குக் கற்றுத் தந்தவள் மரிசோல். வெனிசுவேலாக்காரி, அணியின் தலைவி. ஆறு வயதிலிருந்து இந்த விளையாட்டை ஆடுகிறவள். லண்டனில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்துகொண்டு கணக்கியல் படித்தாள். “இப்போது என்ன செய்ய வேண்டும்?” என்று நான் மெல்லக் கேட்பேன். அவள் மெல்லச் சொல்வாள். அதை நான் திடல் முழுக்கக் கேட்கக் கத்துவேன். பயிற்சி என்று நான் கொடுத்தது அந்தச் சத்தம்தான்.

இப்படிப்பட்டவளிடம்தான் மயூரி வந்து சேர்ந்தாள்.

தச்சு வகுப்பில் படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். தலைமுடியில் மரத்தூள் ஒட்டியிருக்க, பயிற்சி நடுவில் வந்து நின்று தொலைபேசியில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினாள். ‘எனக்குக் காது கேட்காது. ஆனால் நான் பிடிப்பேன்.’ வயது பத்தொன்பது. யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன், பிறந்தது இங்கே. காதுக்குள் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சை அவளுக்குச் சரிவரவில்லை என்று பிறகு அறிந்தேன். சைகை மொழிதான் அவள் மொழி.

என்ன செய்வதென்று தெரியாமல் அவளை இடது பின்களத்தில் நிறுத்தினேன். அந்தப் பக்கம் பந்து அவ்வளவாகப் போகாது என்பது என் எண்ணம். மரிசோல் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. பெரும்பாலான அடிகள் அந்தப் பக்கம்தான் போகும்.

தாடையைப் பிடித்துத் திருப்பியவள்

மோதல் நடந்து இரண்டொரு நாளில் டெரெக் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை.

“அவளை அணியிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. துடுப்பெடுத்து அடிக்கட்டும். பின்களத்தில் நிற்கலாமா, கூடாதா? வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள். இன்னொரு தலை உடைந்தால் அணியே இருக்காது.”

அவருடைய அறையை விட்டு வெளியே வந்தால் தாழ்வாரத்தில் மயூரி நின்றாள். பக்கத்தில் அவளுடைய அம்மா வசந்தி. சூப்பர்மார்க்கெட் சீருடைக்கு மேல் கோட் போட்டிருந்தாள். நெற்றியில் திருநீறு. என்னைக் கண்டதும் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“ரீச்சர், இவள் இனி வரமாட்டாள்.”

நான் ரீச்சர் இல்லை. ஆனால் கல்லூரியில் வேலை செய்தால் எங்கள் சனத்துக்கு எல்லோரும் ரீச்சர்தான்.

“அவளைக் கேட்டீங்களோ?” என்றேன்.

“கேக்கிறதுக்கு என்ன இருக்கு? பல்லைப் பாருங்கோ.”

மயூரி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாயின் தோளைத் தட்டினாள். சண்டை தொடங்கியது.

கைகளால் நடக்கும் சண்டையை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சத்தமில்லாத சண்டை என்று எழுத முடியாது. உள்ளங்கையில் விரல் அறையும் சத்தம், சட்டை உரசும் சத்தம், மூச்சு. மயூரியின் கைகள் காற்றில் எதையோ வெட்டின, இழைத்தன, தூக்கிப் போட்டன. வசந்தியின் கைகள் சின்னதாக, இறுக்கமாகப் பதில் சொல்லின. அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறதென்று விளங்காமல் இல்லை.

ஓர் இடத்தில் வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்கள் மொழியில் முகத்தைத் திருப்புவது காதைப் பொத்துவதற்குச் சமம். மயூரி கையை நீட்டித் தாயின் தாடையைப் பிடித்தாள். கோபமாக அல்ல, கண்ணாடிச் சாமானைத் தூக்குவதுபோல. முகத்தைத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் பேசினாள்.

தான் சொல்வதை இன்னொருவர் கேட்க வேண்டும் என்று ஒருவர் அவ்வளவு கவனமாகக் கேட்பதை நான் பார்த்ததில்லை. நாங்கள் காது உள்ளவர்கள், கேட்கிறார்களா என்று பார்க்காமலே பேசிக்கொண்டிருக்கிறோம்.

வசந்தி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். என்னிடம்தான் பேசினாள்.

“மூண்டு வயசில ரீச்சர். மிட்சம் எண்ட இடத்தில ஒரு கடைவாசல். நான் பையை மாத்திப் பிடிச்ச நேரம் கையை உதறிப்போட்டு ஓடினாள். நான் கத்தினன். ரோட்டில நிண்ட சனம் எல்லாம் திரும்பினது. இவள் திரும்பேல்ல. பஸ் வந்து முட்டுற மாதிரி நிண்டது. ட்ரைவர் இறங்கி வந்து, அப்பிடியே நடைபாதை விளிம்பில குந்தியிருந்து அழுதார், பாவம்.”

கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது.

“அண்டைக்குப் பிடிச்ச கை. பதின்மூண்டு வயசு வரைக்கும் ரோட்டில விடேல்ல. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு ஓடவும் விடேல்ல. ஓடினா என்னெண்டு மறிக்கிறது? கூப்பிட்டாத் திரும்புற பிள்ளையெண்டா நான் விட்டிருப்பன்.”

மயூரி தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். ‘அம்மா பார்க்கமாட்டேன் என்கிறா. நீங்கள் சொல்லுங்கள். எனக்குப் பந்து பெரிய விஷயம் இல்லை. அங்கே நின்றால் ஓடலாம்.’

அதைத் தமிழில் சொன்னேன். வசந்தி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

“தெரியும்” என்றாள்.

முழங்கால் சொல்லும்

அடுத்த நாள் மரிசோல் ஆய்வுகூடத்துக்கு வந்தாள். புருவத்தில் தையல். கண் பாதி மூடியிருந்தது. நான் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். டெரெக் சொன்னதைச் சொல்லி, மயூரியைப் பின்களத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றும் சொன்னேன். உண்மையில் முடிவே எடுத்திருந்தேன்.

“ஏன்?”

“ஏனா? உன் முகத்தைக் கண்ணாடியில் பார். அவளுக்கு நீ கத்துவது கேட்காது.”

“ஓம், கேட்காது” என்றாள். ‘ஆம்’ என்பதற்கு எங்கள் ஊர் சொல்லும் ‘ஓம்’ என்ற ஒரு சொல்லை என்னிடமிருந்து பிடித்து வைத்திருந்தாள். மிச்சம் எல்லாம் அவளுடைய உடைந்த ஆங்கிலம்தான். “அவளுக்கு என்னைக் கேட்க முடியாது. ஆனால் எனக்கு அவளைப் பார்க்க முடியும். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. கத்தினால் போதும் என்று நினைத்தேன்.”

“அதனால்?”

“அதனால் அவள் பந்துக்கு வந்தால் பந்து அவளுடையது. நான் விலகுவேன். எப்போதும். அவளுக்கு வேண்டாம் என்றால் என் பக்கம் கையை நீட்டுவாள், அப்போது நான் பிடிப்பேன்.”

நான் சிரித்துவிட்டேன். மரிசோல் எங்கள் அணியிலேயே சிறந்த ஆட்டக்காரி. மயூரி அந்தப் பருவத்தில்தான் கையுறை போடப் பழகியவள். “நீ பிடிக்கக்கூடிய பந்தை அவளுக்கு விடுவாயா?”

மரிசோல் ஒரு குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“கோச், அவள் எனக்கு முன்னாலேயே ஓடத் தொடங்குகிறாள். நீங்கள் கவனித்ததே இல்லையா?”

நான் கவனித்ததில்லை. பயிற்சி நேரத்தில் நானும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், கத்துவதற்கு வசதியாக.

புதன்கிழமை மாலை இருவரையும் திடலுக்கு வரச் சொன்னேன். மழை இல்லை. தூரத்தில் ட்ராம் வண்டி வளைவில் கிறீச்சிட்டது. மற்றொரு பெண்ணை அடிக்கச் சொல்லிவிட்டு நான் பந்துக்கு முதுகு காட்டி, பின்களத்தைப் பார்த்து நின்றேன்.

முதல் அடி. எனக்குப் பின்னால் ‘டங்’ என்று கேட்டது. மரிசோல் அந்தச் சத்தத்தோடு கிளம்பினாள். மயூரி அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் காதுக்காகக் காத்திருந்தோம். அந்தத் தூரத்துக்குச் சத்தம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. கண் இமைக்கும் நேரம்தான். மயூரியிடம் அந்தத் தாமதம் இல்லை. ஒருமுறை அடிக்கிறவள் வேண்டுமென்றே தப்பவிட்டாள். மயூரி ஓரடி வைத்து நின்றுவிட்டாள். பந்து எங்கே போகும் என்பது, அது புறப்படுவதற்கு முன்பே அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அடிக்கிறவளை நிறுத்தச் சொன்னேன்.

மயூரியைக் கையசைத்து வரவழைத்து, தொலைபேசியில் எழுதிக் கேட்டேன். எப்படி? அவள் தோளைக் குலுக்கினாள். கேள்வியே விசித்திரமாக இருந்தது போலும். எழுதினாள். ‘முன்னால் இருக்கிற முழங்கால் சொல்லும். பிறகு தோள். நீங்கள் பார்ப்பதில்லையா?’

வியாழக்கிழமை டெரெக்கிடம் போய், அவள் இடது பின்களத்தில் நிற்பாள் என்றேன். அவர் சரி என்றார். அன்றிரவு நான் செபமாலை சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நிற்கப் பழகுவது

ஓடப் பழக்குவது சுலபம். ஓடுகிறவளை நிற்கப் பழக்குவதுதான் கஷ்டம்.

பந்து தன் கைக்கு வருகிறது என்று தெரிந்தும் நடுவழியில் காலை ஊன்றி நிற்க வேண்டும். மரிசோலின் மூளை சம்மதித்தது, கால்கள் சம்மதிக்கவில்லை. ஆறு வயதிலிருந்து ஓடிய கால்கள். சனிக்கிழமைகளில் நான் இருவருக்கும் நடுவே பந்தை அடித்துக்கொண்டே இருந்தேன். என் உள்ளங்கையில் கொப்புளம் போட்டு உடைந்தது. மரிசோல் ஸ்பானிய மொழியில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்பிப் போவாள். சில நாள் இருவரும் ஒரு முழ இடைவெளியில் மோதாமல் தப்பினார்கள். நான் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இடையில் வேறொன்று நடந்தது. யாரும் சொல்லாமலே அணி கத்துவதை நிறுத்தியது. கையைத் தூக்கினால் ‘எனக்கு’. மார்பில் தட்டினால் ‘நான் பின்னால் இருக்கிறேன்’. மயூரி ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச் சைகை கொடுத்தாள். மரிசோலுக்குப் புருவத்தை விரலால் வெட்டுவது. எனக்குத் தொண்டையில் ஐந்து விரலையும் வைத்து அகல விரிப்பது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

ஒருநாள் பயிற்சி முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் முடிந்ததை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உணர்ந்தேன். அத்தனை பெண்கள் ஒருவரையொருவர் இடைவிடாமல் பார்த்துக்கொண்டு ஆடியிருந்தார்கள். பூசை நேரத்தில், குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது விழும் அமைதி என் நினைவுக்கு வந்தது.

தாழ்வாரத்தில் பேசிய நாளுக்குப் பிறகு வசந்தி மகளை மறிக்கவில்லை. ஆனால் வரவும் இல்லை. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் நானே தொலைபேசி எடுத்தேன்.

“ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

“என்னால பாக்கேலாது ரீச்சர்.”

“தூர நிண்டு பாருங்கோ.”

“காலமை ஷிப்ட்” என்றாள்.

கடைசி ஆட்டம்

வந்தாள். நாங்கள் பாதி ஆடியிருந்தபோது வேலிப் பக்கமாக வந்து, இடது கோட்டுக்கு வெளியே, யாரோடும் சேராமல் நின்றாள். சீருடையை மாற்றவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருந்தாள். மயூரி கண்டாள். கையை அசைக்கவில்லை. தொப்பியை மட்டும் சரி செய்தாள்.

எதிரணி ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். உயரம், பலம், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சப்பாத்து. அவர்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தார்கள். அவர்களுடைய கடைசி இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட் ஆனால் அது முடியும்; இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் தளங்களில் ஓடத் தயாராக நின்றார்கள். இந்தப் பந்து விழுந்தால் ஆட்டம் எங்களை விட்டுப் போய்விடும்.

அடித்தவள் முழு உடம்பையும் சேர்த்து அடித்தாள். பந்து இடப்பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில், ஆழமாக, மிக உயரமாகப் போனது. மோதல் நடந்த அதே இடத்துக்கு மேலால்.

மரிசோல் பறந்துகொண்டிருந்தாள். பந்து வேலிக்குப் போகுமுன் மறித்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். மயூரி அவளுக்கு முன்னாலேயே கிளம்பியிருந்தாள். ஆனால் அவள் பந்தைப் பார்க்கவில்லை. எங்களுக்கு, பந்துக்கு, திடலுக்கு, எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வேலியை நோக்கி ஓடினாள். தொப்பி கழன்று விழுந்தது. பின்னல் முதுகில் அடித்தது. யாரோ அவிழ்த்துவிட்டதுபோல ஓடினாள்.

எங்கள் பெண்கள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எதிரணி கத்தியது. எங்கள் பக்கம் அப்படியொரு நிசப்தம். நானும் கத்தவில்லை. முதல்முறையாகக் கத்த வேண்டும் என்றே தோன்றவில்லை.

மரிசோல் அவளைப் பார்த்தாள். காலை ஊன்றி நின்றாள். புல்லோடு மண்ணும் பெயர்ந்து பறந்தது. நின்று, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிக்கொண்டாள், ஒரு விரல்கூட அந்தப் பந்துக்கு நீளக்கூடாது என்பதுபோல.

மயூரி ஓடியபடியே தலையை அண்ணாந்தாள். ஒரே ஒருமுறை. இடது கையைத் தோளுக்கு மேலால் முன்னே நீட்டினாள். வானத்திலிருந்து வந்த பந்து அவள் தலையைக் கடந்து அந்தக் கைக்குள் இறங்கியது. அவள் பிடித்தாள் என்று எழுதக் கை வரவில்லை. அவள் அந்த இடத்துக்குப் போயிருந்தாள், பந்தும் வந்தது. பிறகு வேலியோரப் புதரில் போய் விழுந்து, உருண்டு, கையுறையை உயரத் தூக்கினாள்.

எதிரணிப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். பிறகு எங்கள் பெண்கள் செய்வதைப் பார்த்து, தட்டுவதை விட்டுவிட்டு, அவர்களைப் போலவே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். காது கேளாதோரின் கைதட்டல். இரண்டு அணிகளின் கைகளும் திடல் முழுக்க இலைகள் மாதிரி ஆடின. எத்தனையோ பெருநாள் பூசைகளில் நின்றிருக்கிறேன், பாடியிருக்கிறேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நானும் இரண்டு கைகளையும் தூக்கினேன்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். எங்கள் முறை வந்தபோது கடைசியாக அடிக்கப் போனவள் மரிசோல். மூன்று முறையும் காற்றைத்தான் அடித்தாள். திரும்பி வந்து துடுப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, “பந்தை விடுவதற்கு மட்டும் நன்றாகப் பழகிவிட்டேன்” என்றாள்.

இன்னொருக்கா

எல்லோரும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது வசந்தியிடம் போனேன். நின்ற இடத்திலேயே நின்றாள்.

“பாத்தீங்களோ?”

அவள் தலையைக் குனிந்தாள். “இல்லை ரீச்சர்.”

“என்ன?”

“அவள் திரும்பி வேலிப் பக்கமா ஓடத் தொடங்கினவுடனே கண்ணை மூடிப்போட்டன். திறந்து பாக்க எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டு நிக்கினம். பிறகுதான் விளங்கினது.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “கத்த வாய் திறந்தது. கத்தேல்ல. அவ்வளவுதான் என்னால ஏலுமாயிருந்தது.”

மயூரி சேறு பூசிய கன்னத்தோடு வந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி நின்று எங்கள் உதடுகளைப் பார்த்தாள். அம்மா என்ன சொல்கிறா என்று புருவத்தால் என்னைக் கேட்டாள். அவவிடமே கேள் என்று கையைக் காட்டினேன்.

வசந்தி கைப்பையைப் புல்லில் வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். அவை கொஞ்ச நேரம் காற்றில் அப்படியே நின்றன. பிறகு ஏதோ சொன்னாள். சின்னதாக இரண்டு மூன்று அசைவு.

மயூரி நம்பாமல் தாயைப் பார்த்தாள். அதையே திரும்பச் செய்யச் சொன்னாள். வசந்தி திரும்பச் செய்தாள்.

“என்ன கேட்டீங்கள்?” என்றேன்.

“இன்னொருக்கா ஓடிக் காட்டு எண்டன்.”

மயூரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள், தன் இடத்துக்கு. மரிசோல் கட்டிய பையை அவிழ்த்துத் துடுப்பை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடுவில் போய் நின்றாள். மற்றப் பெண்கள் பைகளின்மேல் உட்கார்ந்தார்கள். மறுபக்கத்தில் எதிரணியின் வான் கிளம்பிப் போனது.

கொப்புளக் கையால் என்னால் ஏலுமான உயரத்துக்குப் பந்தை அடித்தேன். சரியாக அமையவில்லை. மிக ஆழமாகப் போய்விட்டது. மயூரி முதுகைக் காட்டி ஓடினாள். முன்னதைவிட வேகமாக ஓடினாள். மரிசோல் சில அடிகள் வைத்து நின்றாள். பந்து மயூரியின் கையுறை விளிம்பில் பட்டுத் தெறித்து, புல்லில் விழுந்து உருண்டு, வேலியில் போய் முட்டியது.

பெண்கள் “ஆ!” என்றார்கள்.

நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இந்த முறை கண்கள் அகலத் திறந்து மயூரியையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் ஏமாற்றம் அவளுக்குக் கேட்கவேயில்லை. அவள் பந்தைப் பார்க்கவே இல்லை.